ரப்பர் பாலுக்குள் விலை இருக்கிறதா? குறுக்கல்வாதம் பற்றி ஓர் அறிமுகம்

எங்கள் வீடு அருமனைப் பக்கம். வெள்ளறடை போகிற பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கேரளம் வந்துவிடும். ஊரைச் சுற்றிலும் ரப்பர்தான். என் தாய்மாமா நாற்பது வருஷமாகப் பால் வெட்டுகிறார். விடிவதற்கு வெகு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். மரத்துக்கு மரம் பட்டையில் ஒரு மெல்லிய சீவல் எடுப்பார், சிரட்டையைச் சரியாக வைப்பார், அடுத்த மரத்துக்கு நகர்வார். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். போன விடுமுறையில் ஒருநாள் அவரோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வெட்டிய இடத்தில் பால் ஊறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மக்களே, இந்தப் பாலுக்குள்ள என்னென்ன இருக்குன்னு முழுசாக் கண்டுபிடிச்சாச்சுன்னா, ரப்பரப் பத்தி எல்லாம் தெரிஞ்சாச்சுன்னுதானே அர்த்தம்?"

"ரொம்பப் பேர் அப்படித்தான் நினைக்காங்க மாமா" என்றேன். வீடு வந்து சேரும்வரை பேசியும் பேச்சு முடியவில்லை. அன்று அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாமா கேட்ட கேள்விக்கு அறிவியலின் மெய்யியலில் ஒரு பெயர் உண்டு. பெரிய ஒன்றை அதன் சிறிய கூறுகளைக் கொண்டு விளக்கிவிடலாம், மேலே உள்ள துறையைக் கீழே உள்ள துறைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணத்தைக் குறுக்கல் என்றும், அதை ஒரு கொள்கையாகப் பிடிப்பதைக் குறுக்கல்வாதம் என்றும் சொல்வோம். குறைத்தல்வாதம் என்று எழுதுவோரும் உண்டு. வேதியியல் பாடத்தில் ஆக்சிஜனேற்றத்தோடு வரும் ஒடுக்கம் வேறு சங்கதி. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் குறுக்கலின் வெற்றியைச் சொல்ல வேண்டும். குறைகளை மட்டும் பேசுகிறவர்கள் அதற்கு நியாயம் செய்வதில்லை. ரப்பரில் கார்பனும் ஹைட்ரஜனும் ஐந்துக்கு எட்டு என்ற விகிதத்தில் இருப்பதை 1826-ல் ஃபாரடே கண்டறிந்தார். 1860-ல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைச் சூடாக்கி வடித்து, ஐசோப்ரீன் என்ற திரவத்தைப் பிரித்தெடுத்தார். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன் கொண்ட சின்ன மூலக்கூறு அது. அந்த அலகு ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலியே ரப்பர் என்று 1920-ல் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் எழுதியபோது, அக்கால வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு விசையால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதே அவர்கள் எண்ணம். ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு வர 1953 ஆயிற்று. ரப்பர் பால் ஏன் கெட்டியாகிறது, கந்தகத்தோடு சூடாக்கினால் ஏன் உறுதி பெறுகிறது என்பதற்கெல்லாம் இன்று நம்மிடம் தெளிவான பதில் இருக்கிறதென்றால், இப்படிப் படிப்படியாகக் கீழே இறங்கிப் பார்த்ததால்தான்.

இதே கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஐசோப்ரீன் 34 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிற திரவம். சித்திரை மாத மதியத்தில் திறந்து வைத்தால் கண்ணெதிரே பறந்துவிடும். இழுத்தால் நீள்வது, விட்டால் சுருங்குவது எதுவும் அதற்குக் கிடையாது. அலகு அதேதான், எண்ணிக்கை ஏறியதும் ஒரு புதுக்குணம் வந்துவிட்டது. எண்ணிக்கை மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. ரப்பரிலும் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினிலும் இருப்பது ஒரே அலகின் சங்கிலிதான். ரப்பரில் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலியின் இரு கைகளும் ஒரே பக்கமாகப் போகும். கட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கமாகப் போகும். ஒன்று துள்ளுகிறது, மற்றது விறைத்துக் கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும், இன்று பல் மருத்துவர் வேர்சிகிச்சையில் வைத்து அடைப்பதும் இந்தக் கட்டாபெர்ச்சாதான். என்னென்ன கூறுகள் என்ற பட்டியலோடு அவை எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் சொன்னால்தான் ரப்பர் என்கிற பொருள் வரும்.

குறுக்கல் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு கூற்றுகள் புழங்குகின்றன. முதற்படியில் இருப்பவர்கள் இதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். உலகத்தில் இருப்பதெல்லாம் அடிப்படைத் துகள்களாலும் அவற்றின் விசைகளாலும் ஆனவையே, அதற்கு மேல் தனியாக ஒரு உயிர்ச்சத்து எதுவும் இல்லை என்பது ஒரு கூற்று. இது உலகம் எதனால் ஆனது என்பதைப் பற்றியது, நான் இதை ஏற்கிறேன். ஒன்றைப் புரிந்துகொள்ள அதைப் பிரித்துப் பிரித்து ஆராய்வதே நல்ல வழி என்பது அடுத்தது. இது வேலைமுறை பற்றிய ஆலோசனை, பல இடங்களில் பலிக்கும், சில இடங்களில் பலிக்காது. உயிரியலின் விதிகளை வேதியியலிலிருந்தும், வேதியியலின் விதிகளை இயற்பியலிலிருந்தும் தர்க்கப்படி வருவித்துவிடலாம் என்பது மூன்றாவது. இங்கேதான் மெய்யியலாளர்கள் அறுபது எழுபது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்கள். முதற்கூற்றை ஒப்புக்கொண்டாயே, அப்படியானால் மூன்றாவதையும் ஒப்புக்கொள் என்று வாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது செல்லாது. வீடு முழுக்கச் செங்கல்தான் என்பது உண்மையாக இருக்கலாம். அதனால் வாஸ்து பார்த்த சண்டை, அறைகளின் அளவு, வீட்டின் சொத்துரிமை எல்லாம் செங்கல் சூளைக்காரருக்குத் தெரிந்துவிடுமா?

மூன்றாவது கூற்றுக்குத் திருத்தமான வடிவம் கொடுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மெய்யியலாளர் எர்னஸ்ட் நாகல். 1961-ல் அவர் சொன்னது எளிமையானது. மேல்துறையின் விதிகளைக் கீழ்த்துறையின் விதிகளிலிருந்து வருவிக்க முடிய வேண்டும். ஆனால் மேல்துறையில் கீழே இல்லாத சொற்கள் இருக்குமே? வெப்பவியல் ‘வெப்பநிலை’ என்கிறது. துகள்களின் இயக்கவியலில் அந்தச் சொல்லே கிடையாது. ஆகவே இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று வேண்டும். வாயுவின் வெப்பநிலை என்பது அதன் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலோடு நேர்விகிதத்தில் உள்ளது என்பது அப்படி ஒரு பாலவிதி. அதைப் போட்டுவிட்டால் வாயு விதிகள் கீழிருந்து கிடைத்துவிடும். இதில் ‘சராசரி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தனி மூலக்கூறு ஒன்றுக்கு வேகம் உண்டு, வெப்பநிலை என்று பேச இடமில்லை.

பாலவிதி என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் பிள்ளைகள் "வெள்ளம் தா" என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள் என்று பொருள். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதேதான். மதுரையில் போய் வெள்ளம் என்றால் ஆறு கரைபுரண்டது என்று எடுத்துக்கொள்வார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்துவிட்டு அதன்பின் இந்தப் பக்கம் சேர்ந்த ஊர் எங்களுடையது. இரண்டு மொழிக்கும் நடுவே வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரே சொல் இருப்பதாலேயே ஒரே பொருள் என்று நம்பிவிடக் கூடாது. நாகலின் பாலங்களுக்கும் இதே சிக்கல் உண்டென்று 1962-ல் அறிவியலின் மெய்யியலாளர்களான தாமஸ் கூனும் பால் ஃபெயராபெண்டும் எழுதினார்கள். நியூட்டனிடமும் ‘நிறை’ இருக்கிறது, ஐன்ஸ்டைனிடமும் ‘நிறை’ இருக்கிறது. ஒன்று மாறாதது. மற்றது ஆற்றலோடு மாறிக்கொள்ளக் கூடியது. சொல்லைப் பார்த்து இரண்டையும் சமம் என்று போட்டுவிட முடியுமா? இன்னொன்றும் உண்டு. விழும் பொருளின் முடுக்கம் மாறாதது என்றார் கலிலியோ. நியூட்டனின் விதிப்படி பூமியை நெருங்க நெருங்க அது துளித்துளியாகக் கூடும். ஆக, நியூட்டனிலிருந்து வருவது கலிலியோவின் விதிக்கு மிக அருகில் உள்ள வேறொரு விதி. பழையதை அப்படியே பெற முடியாது, திருத்தித்தான் பெறலாம் என்று பின்னால் குறுக்கல்வாதிகளே ஒப்புக்கொண்டார்கள். இது அவர்களுக்குத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. கீழே இறங்கிப் பார்த்ததால் மேலே இருந்த பிழை திருந்தியது என்றால், அது லாபம்தானே.

இனி நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். பிறகு சட்டென்று இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வையுங்கள். சூடு தெரியும். கொஞ்ச நேரம் இழுத்தே வைத்திருந்து, விட்டவுடன் தொட்டால் குளிர்ச்சி தெரியும். 1805-ல் ஜான் காஃப் என்ற பார்வையற்ற ஆங்கில அறிஞர் உதட்டால்தான் இதைக் கண்டுபிடித்தார். ரப்பர் பட்டையில் ஒரு எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால் அது சுருங்கி எடையைத் தூக்குவதையும் அவரே கவனித்தார். கம்பியில் தொங்கவிட்டால் சூட்டில் நீளும், இது நேர்மாறு. 1859-ல் ஜூல் என்ற இயற்பியலாளர் அளந்து உறுதி செய்தார். காரணம் பிடிபட 1930-கள் வரை ஆயிற்று.

காரணத்தை மாமாவிடம் இப்படிச் சொன்னேன். கோயில் கொடைத் திருவிழாவில் பத்துப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டம் நாலாபக்கமும் இடிக்கிறது. வரிசை நேர்க்கோடாக இருக்க ஒரே ஒரு விதம்தான் உண்டு. கோணல்மாணலாக இருக்க ஆயிரம் விதம் உண்டு. யாரும் யாரையும் இழுக்காமலேயே வரிசை கோணிக்கொள்ளும், இரண்டு முனையும் நெருங்கி வரும். முனைகளைப் பிடித்து நேராக்கப் பார்த்தால், உள்ளே இழுப்பது போலக் கைக்குத் தெரியும். கூட்டம் அதிகமாகத் துள்ளினால் அந்த இழுப்பும் அதிகமாகும். ரப்பர் சங்கிலிகளின் கதை இதுதான். சூடு என்பது அந்தத் துள்ளல். பொதுவாகக் கம்பிச்சுருள் திரும்பி வருவது அதன் பிணைப்புகள் வளைந்து ஆற்றலைச் சேமித்திருப்பதால். ரப்பர் திரும்பி வருவதோ பெரும்பாலும் எண்ணிக்கையால், அதாவது சுருண்டு கிடக்கும் விதங்கள் நீண்டு கிடக்கும் விதங்களைவிட ஏராளமாக இருப்பதால்.

குறுக்கலின் பெருமையும் எல்லையும் இங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. விளக்கம் மூலக்கூறுகளின் ஆட்டத்திலிருந்து வந்தது, ஆகவே வெற்றி. ஆனால் அந்த விளக்கத்தில் ஐசோப்ரீன் எங்கே போயிற்று? ரப்பர் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதற்கு எளிய கோட்பாடு தரும் கணக்கில் இரண்டுதான் வருகின்றன. கந்தகம் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் இடங்களை முடிச்சு என்போம். ஒன்று, ஒரு குறிப்பிட்ட கன அளவு ரப்பருக்குள் முடிச்சுக்கு முடிச்சு ஓடும் சங்கிலித் துண்டுகள் எத்தனை இருக்கின்றன என்பது. மற்றது வெப்பநிலை. சங்கிலி கார்பனால் ஆனதா, சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வந்த சிலிக்கோனா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. கீழே இறங்கிப் போய் நாம் கண்டது, கீழே உள்ள விவரங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குத் தேவையில்லை என்பதைத்தான். ஒவ்வோர் அணுவின் பாதையையும் எழுதிக் கொடுத்தால் தகவல் கோடிகோடியாக இருக்கும். ரப்பர் ஏன் சுருங்குகிறது என்பது மட்டும் அதற்குள் காணாமல் போயிருக்கும்.

1972-ல் பிலிப் ஆண்டர்சன் என்ற இயற்பியலாளர் எழுதிய சிறு கட்டுரையின் சாரம் இதுவே. எல்லாவற்றையும் அடிப்படை விதிகளுக்குக் கொண்டுபோக முடிகிறது என்பதால், அந்த விதிகளை வைத்துக்கொண்டு உலகத்தைத் திரும்பக் கட்டி எழுப்ப முடியும் என்று ஆகிவிடாது என்றார். திடப்பொருள்களின் இயற்பியலில் வேலை செய்து 1977-ல் நோபல் பெற்றவர் சொன்னதால் அதற்குத் தனி எடை உண்டு.

விலைக்கு வருவோம். 1958-ல் பால் ஓப்பன்ஹைம், ஹிலரி பட்னம் என்ற இரு மெய்யியலாளர்கள் ஒரு ஏணி வரைந்தார்கள். அடிப்படைத் துகள், அணு, மூலக்கூறு, செல், பலசெல் உயிர், சமூகக் குழு என ஆறு படி. ஒவ்வொரு படியையும் அதற்குக் கீழ்ப்படியால் விளக்கிக்கொண்டே போனால் ஒருநாள் அறிவியல் முழுக்க ஒன்றாகிவிடும் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வோம் என்றார்கள். இதே பட்னம் 1967-ல் இந்த வழிக்கு ஒரு பெரிய தடையை முன்வைத்தார். வலி என்பது மனிதனுக்கும் உண்டு, ஆக்டோபஸ் என்ற கடலுயிரிக்கும் இருக்கலாம். இரண்டின் நரம்பமைப்பும் வேறு வேறு. அப்படியானால் எந்த ஒரு நரம்பு நிலையை ‘வலி’ என்று சமன்படுத்துவது? 1974-ல் ஜெர்ரி ஃபோடார் என்ற மெய்யியலாளர் இதைப் பொருளாதாரத்துக்குக் கொண்டுபோனார். பணம் உலோகமாக இருக்கலாம், காகிதமாக இருக்கலாம். பணத்தைப் பற்றிய ஒரு விதி இருந்தால், அது எந்தப் பொருளின் விதியும் ஆகாது. இன்று சந்தையில் போன் காட்டிப் பணம் கொடுக்கிறோமே, ஃபோடார் இருந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் ரப்பர் ஷீட்டை வியாபாரி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணால் பார்த்துத்தான் தரம் சொல்கிறார். விலை அதற்கு வெளியே நடக்கும் பல காரியங்களால் ஏறி இறங்குகிறது. டயர் கம்பெனிகளின் தேவை, கச்சா எண்ணெய் விலை, செயற்கை ரப்பர், இறக்குமதி, மழை நாட்கள் என்று அது நீளும். ரப்பர், நல்லமிளகு, அடைக்காய் (பாக்கு) மூன்றுக்கும் வரத்து கூடினால் விலை சரியும் என்ற ஒரே விதி பொருந்துகிறது. அவற்றின் மூலக்கூறுகளில் அப்படி ஒரு பொதுக்குணத்தைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வெப்பநிலையும் வாயுவில் ஒரு விதமாகவும் திடப்பொருளில் வேறு விதமாகவும்தான் அமைகிறது, அதற்காக அதைக் குறுக்கவே முடியாது என்றா சொன்னோம், ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகக் குறுக்கலாமே என்பார்கள். ஜேக்வான் கிம் என்ற மெய்யியலாளர் இந்த வழியில் வலுவாக வாதிட்டார். வலி விஷயத்தில் இது எடுபடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. விலை விஷயத்தில் எடுபடும் என்று நம்ப முடியவில்லை, ஏனென்றால் விலை என்பது பொருளுக்கு உள்ளே இருக்கும் குணமே இல்லை. வாங்குபவர், விற்பவர், கடன், சட்டம் இவற்றுக்கு நடுவே இருப்பது.

சரி, வேலைமுறையாகக் குறுக்கல் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது? எங்கள் தோட்டத்திலேயே இரண்டு நோய்கள் இதைக் காட்டும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழையில் பச்சை இலையே கொத்துக்கொத்தாக உதிரும் நோய் ஒன்று உண்டு. ஆராய்ந்தார்கள், பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியே காரணம் என்று கண்டார்கள். மழைக்கு முன்னால் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்து அடித்தால் பெருமளவு கட்டுப்படுகிறது. பிரித்துப் பார், குற்றவாளியைப் பிடி என்ற முறை அழகாக வேலை செய்தது.

மற்றது, பட்டை வறண்டு பால் நின்றுபோகிற நோய். மரம் பச்சையாக நிற்கும், வெட்டினால் பால் வராது. இதற்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். அது கிருமியால்தான் வருகிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. அளவுக்கு மீறி வெட்டுவதும் மரத்தின் மீது விழும் பிற அழுத்தங்களும் சேர்ந்து உண்டாக்கும் உடலியல் கோளாறு என்ற பார்வையே வலுவாக இருக்கிறது. பால்குழாய்களில் ஒரு வெட்டுக்கு இழந்த பால் மறுபடி ஊற அவகாசம் வேண்டும். அதற்காகத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. அந்த அவகாசம் தொடர்ந்து கிடைக்காமல் போகும்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஏன் கிடைக்காமல் போயிற்று என்பதை அங்கே பார்க்க முடியாது.

எங்கள் தோட்டத்தின் கிழக்கு மூலையில் அப்படி ஒன்பது மரங்கள் நிற்கின்றன. மாமா அவற்றின் மேல் கத்தி வைப்பதே இல்லை. தாண்டிப் போகும்போது ஒரு மரத்தின் பட்டையைக் கையால் தடவிவிட்டு நின்றார்.

"இது எப்பம் இப்படி ஆச்சு மாமா?"

"2011-ல ரப்பர் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல போச்சுல்லா. உன் அக்காளுக்க கல்யாணக் கடனும் கெடந்தது. அந்த வருஷம் இந்த மூலைய மட்டும் தெனமும் வெட்டினேன் மக்களே."

சந்தையில் ஏறிய விலை மாமாவின் கத்தி வழியாகப் பட்டைக்குள் இறங்கி, பால்குழாய்க்குக் கிடைக்க வேண்டிய ஒருநாள் ஓய்வைப் பறித்திருக்கிறது. அந்தப் பட்டையில் ஒரு துண்டை வெட்டி நான் ஆய்வகத்துக்கு எடுத்துப் போயிருந்தால், செல்களில் நடந்த சேதம் முழுவதும் தெரிந்திருக்கும். அக்காளின் கல்யாணம் தெரிந்திருக்காது.